எரிமலைக் கல்லில் ஒரு பெயர்

சின்யோரா எர்சீலியா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கோப்பியில் நனைத்த பிஸ்கட்டின் மூன்றாவது கரண்டிக்கு வாய் திறக்காமல் இறந்துபோனார். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நவம்பர் பதினான்காம் திகதி. அறையில் அப்போது இருந்தவள் குகனேஸ்வரி மட்டும்தான். அவள் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். சின்யோராவின் வாயைத் துடைத்துக் கண்களை மூடிவிட்டுச் சற்று நேரம் கட்டில் ஓரத்தில் இருந்தாள். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், பொலிதேயாமாச் சதுக்கத்தைச் சுற்றிப்போகும் பஸ்களின் இரைச்சல் நாலாம் மாடிவரை கேட்டது. பிறகு எழுந்து போய்ப் பெறாமகனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

பெறாமகன் கஸ்பாரே, சின்யோராவின் கணவர் சல்வத்தோரேயின் தம்பி மகன். சல்வத்தோரே இறந்து பதினொரு வருடமாகிறது. சின்யோராவுக்குப் பிள்ளைகள் இல்லை. சல்வத்தோரே குடும்பத்துக் கல்லறையில் அவரையும் வைத்தார்கள். சடங்குக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் அந்தக் கட்டடத்துக் காவலாளியும் அவன் மனைவியும்.

குகனேஸ்வரி கோண்டாவிலிலிருந்து வந்தவள். வயது முப்பத்தேழு, கலியாணம் செய்யவில்லை. ஐந்து வருடமாகச் சின்யோரா வீட்டிலேயே தங்கி வேலை செய்தாள். முதல் இரண்டு வருடமும் சின்யோரா நடக்கக்கூடியவராக இருந்தார். ஞாயிறு காலைகளில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, வியா மக்வேதா என்ற தெருவுக்குக் கிட்ட உள்ள அருங்காட்சியகத்துக்குப் போவார். அங்கே எத்ரூஸ்கர்களின் கல்லுப்பெட்டிகள் உள்ள அறை ஒன்றைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். ரோமருக்கு முந்தி இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த சனம் அவர்கள். செத்தவரின் சாம்பலைப் போட்டு மூடிய பெட்டிகளின் மேல், ஆணும் பெண்ணும் சாப்பாட்டுப் பந்தியில் சாய்ந்திருப்பதுபோலச் செதுக்கியிருந்தது.

"எங்கடை ஊரிலை இவங்கள் கல்லுக்குள்ளை குடைஞ்ச வீடு வீடாக் கிடக்கு," என்று சின்யோரா சொல்வார். "செத்த ஆக்களுக்கெண்டு கட்டின வீடு. நாங்கள் அதுக்குள்ளை பன்றி வளர்த்தனாங்கள்."

அந்த ஊரின் பெயர் போஜ்ஜோசெக்கோ. ரோமுக்கு வடக்கே, பழைய எரிமலைகளின் நாட்டில், ஒரு பாறை முனையில் இருப்பது. அங்கே அவருக்கு இர்மா என்று ஒரு தங்கை இருந்தாள். நாற்பத்து நாலாம் ஆண்டு, யுத்தத்தின்போது, படுத்த படுக்கையாகக் கிடந்த தாயை அந்தத் தங்கையிடம் விட்டுவிட்டு, ஒளிந்திருந்த சிசிலிக்காரச் சிப்பாய் சல்வத்தோரேயுடன் எர்சீலியா புறப்பட்டு வந்துவிட்டார். தாய் இறந்ததை வேறு யாரோ சொல்லித்தான் இரண்டு வருடம் கழித்து அறிந்தார். அதிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதுவார். உறையின் பின்புறத்தில் சல்வத்தோரேயின் பெயரைத்தான் போடுவார். எழுதியது யாரென்று ஊரார் அறியத் தேவையில்லை என்பார். ஒரு பதிலும் வந்ததில்லை. கடைசி நாலு கடிதத்துக்கும், சின்யோராவின் கை நடுங்கியபடியால், முகவரியைக் குகனேஸ்வரிதான் எழுதினாள். வியா தெல்லே ரீப்பே, ஒன்பதாம் இலக்கம்.

கஸ்பாரே தங்கைக்குத் தந்தி அடித்தான். அந்த முகவரியில் ஆளில்லை என்று நாலாம் நாள் தந்தி திரும்பி வந்தது.

"பெரியம்மாவும் அவவும் அம்பது வருசமாக் கதைக்கிறேல்லை," என்றான் அவன். "அவவும் செத்திருப்பா. இனி என்ன செய்யிறது." நல்ல மனிதன்தான். மாத முடிவுவரைக்கும் அந்த வீட்டில் இருந்து வேறு வேலை தேடச் சொன்னான்.

"நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்," என்றாள் குகனேஸ்வரி.

கஸ்பாரே அவளை விசித்திரமாகப் பார்த்தான். "உனக்கேன் இந்தக் கரைச்சல்?"

இத்தாலிய மொழியில் அதை விளக்க அவளுக்குத் தெரியவில்லை. "தெரியாமல் இருக்கிறது கூடாது," என்று மட்டும் சொன்னாள்.

மூன்று கிழமைக்கு முன், அக்டோபர் முப்பதாம் திகதி, இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே நாளில் வீடுகளை விட்டு வெளிக்கிட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிப் பக்கம் போனது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் தங்கச்சி அபிதாவும் அந்தச் சனத்துக்குள்தான் போயிருக்க வேண்டும். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, அடிக்கடி மூச்சு முட்டும் தொய்வுக்காரர். அதற்குப் பிறகு கடிதமுமில்லை, ஆள்மூலம் ஒரு சொல்லுமில்லை. பலெர்மோவில் செய்தி விசாரிப்பதென்றால் எல்லாரும் மகேந்திரராசா அண்ணையிடம் போவார்கள். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் குடியிருப்பவர், ஹோட்டல் சமையலறையில் வேலை. அவருடைய மச்சான் வவுனியாவில் இருந்தபடியால் எப்போதாவது தொலைபேசி எடுப்பார்.

"சாவகச்சேரியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை இருக்கினமாம், தங்கச்சி. நீர் ஒண்டும் யோசியாதையும்," என்று அவர் சொல்லியிருந்தார்.

"ஆர் கண்டது, அண்ணை?"

"கண்ட ஆக்கள் சொன்னதுதான்," என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணிக்குச் சீனி போட எழுந்து போனார்.

அவள் ஏறிய ரயில் மெசினாவில் துண்டு துண்டாகக் கப்பலில் ஏறிக் கடல் கடந்து, அடுத்த நாள் காலை ரோமை அடைந்தது. அங்கிருந்து வித்தேர்போ வரை இன்னொரு ரயில். பிறகு பஸ். ஐந்து வருடத்தில் அவள் சிசிலியை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் அவளோடு சேர்த்து நாலு பேர். பெரிய வட்டமான ஏரி ஒன்று நெடுநேரம் வலப்பக்கம் கூடவே வந்தது. அவளுக்கு நேர் முன்னே இருந்து ஓட்டிய சாரதி, அவள் அதையே பார்ப்பதைக் கண்ணாடியில் கண்டுவிட்டுச் சொன்னான்.

"அது எரிமலை வாய், சின்யோரா. வெடிச்சு இறங்கின குழியிலை தண்ணி நிண்டது. இந்தப் பக்கத்துக் கல்லு முழுக்க அது துப்பின சாம்பல்தான். நாங்கள் தூஃபோ எண்டு சொல்லுறது."

ஏரி மறைந்தபின் நிலம் வெட்டுப்பட ஆரம்பித்தது. சமதரையில் போவதுபோல் இருந்து, திடீரென்று பஸ் ஒரு பள்ளத்தாக்குக்குள் குத்தென இறங்கும். இரு பக்கமும் பழுப்பும் செம்மஞ்சளுமாகச் சுவர்கள் எழும்பும். சுவர் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகத் துவாரங்கள், வாசல்கள். எந்த வாசலிலும் ஆளில்லை. அவளுக்குத் தெரிந்த கற்கள் இரண்டுதான்: கோண்டாவில் கிணற்றுக்குள் தெரியும் சுண்ணாம்புக்கல், பலெர்மோவுக்கு மேலே நிற்கும் மொன்தே பெல்லெக்ரீனோவின் சாம்பல்நிறப் பாறை. இது இரண்டுமில்லை. பஸ் போஜ்ஜோசெக்கோவில் அவளை இறக்கிவிட்டுப் போனதும், தரிப்பிடத்துச் சுவரை நகத்தால் கீறிப் பார்த்தாள். பாண் தூள்போல உதிர்ந்தது. உள்ளே சிறிய கறுப்புத் துணுக்குகள் பொதிந்திருந்தன.

ஊர் பாறையின் மேல் இருந்தது. எங்கே பாறை முடிந்து எங்கே வீட்டுச் சுவர் தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வியா தெல்லே ரீப்பே ஊரின் கடைசித் தெரு. அதன் தொடக்கத்தில் ஒரு கம்பி வேலியும், பாறை சரிவதால் உள்ளே போகத் தடை என்ற பலகையும் இருந்தன. ஒன்பதாம் இலக்கத்துக்கு அரைவாசி வீடு இல்லை. சமையலறைச் சுவரில் நீல மாபிள் ஒட்டியபடி இருக்க, மற்றப் பாதி பள்ளத்துக்குள் போயிருந்தது.

வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, இர்மாவைத் தேடுகிறாயா என்று அவளே கேட்டாள். "எட்டு வருசத்துக்கு முந்தி எல்லாரையும் எழுப்பிப்போட்டினம். அவ புதுக் குடியிருப்புக்குப் போகமாட்டனெண்டிட்டு, கீழை கல்லறைக் காணிக் காவல் வீட்டிலை இருக்கிறா. திறப்பு அவவிட்டைத்தான். கல்லறை பாக்க வந்தனீரோ?"

"ஓம்," என்றாள் குகனேஸ்வரி. வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

கீழே போகும் பாதை பாறையை வெட்டிச் செய்தது. ஒரு வண்டி போகும் அகலம். இரு பக்கமும் மூன்று மாடி உயரத்துக்குச் சுவர். மேலே வானம் ஒரு நாடாபோலத் தெரிந்தது. சுவரில் உளி போட்ட கோடுகள் சீப்பால் வாரியதுபோல இன்னும் இருந்தன. பன்னச்செடி முளைத்து ஈரம் சொட்டியது. அவளுடைய காலடிச் சத்தமே அவளுக்குப் பின்னால் யாரோ வருவதுபோல் கேட்டதால் இரண்டு தரம் நின்று திரும்பிப் பார்த்தாள். நின்றபோது வேறொரு சத்தமுமில்லை. பலெர்மோவில் அவள் தனிமையாக இல்லாத நாளில்லை. ஆனால் அங்கே பஸ் சத்தமாவது இருக்கும். இந்தப் பாதையில் தான் வழுக்கி விழுந்தால் தேட ஒருவரும் வரமாட்டார்கள், கஸ்பாரேகூட மாத முடிவில்தான் யோசிப்பான் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

பாதை முடிவில், பாறையோடு ஒட்டிய ஒற்றை அறை வீட்டின் வாசலில், ஆம்பிளைக் கோட்டும் இறப்பர் சப்பாத்தும் போட்ட சிறிய உருவம் ஒன்று விறகு அடுக்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் கயிற்றில் பெரிய திறப்பு தொங்கியது. முகத்தைக் கண்டதும் குகனேஸ்வரிக்குச் சந்தேகமிருக்கவில்லை. சின்யோராவின் அதே நெற்றி, அதே அகன்ற தாடை.

"புவோன்ஜோர்னோ, நான்..." என்று தொடங்கினாள்.

"மூண்டு கல்லறை பாக்கலாம். நாலாவது இடிஞ்சுபோச்சு," என்றார் இர்மா உரத்த குரலில். காது மந்தம்போலிருந்தது. "பின்னாலை வாரும். தலையைக் குனியும்." திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டோர்ச்சையும் எரியவிட்டு, முன்னே நடக்கத் தொடங்கிவிட்டார்.

முதலாவதிலும் இரண்டாவதிலும் அவர் பாடமாக்கியதை ஒப்புவித்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் பழையது. கூரையைப் பாரும், மர உத்திரம் வைத்ததுபோல் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். இது சாப்பாட்டு அறை. இந்தக் கதவு பொய்க் கதவு, அதற்குப் பின்னால் பாறைதான். செத்தபிறகும் வீட்டிலிருப்பதுபோல் இருக்கவேண்டுமென்று செய்தது. குகனேஸ்வரி ஒவ்வொரு தரமும் வாயெடுத்தாள். ஒவ்வொரு தரமும் இர்மா அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது பெரியது. மூன்று பக்கமும் கட்டில்போலக் கல் வாங்குகள். அங்கே அவருடைய குரல் கொஞ்சம் தணிந்தது.

"இதிலை நாப்பத்து நாலாம் ஆண்டு நாங்கள் ஆறு கிழமை இருந்தனாங்கள். ஒவ்வொரு கல்லறைக்கும் நாலைஞ்சு குடும்பம். மேலை குண்டு விழும், இஞ்சை சாம்பல் மாதிரிக் கல்லுத்தூள் கொட்டும். என்ரை அம்மா அந்த வாங்கிலைதான் கிடந்தவ. அதிலையே முடிஞ்சுபோனா."

"நீங்களும் அம்மாவும் மட்டுமோ?" என்று குகனேஸ்வரி கேட்டாள்.

"அக்கா ஒருத்தி இருந்தவள். எர்சீலியா. பாலத்திலை குண்டு விழுந்தண்டைக்குச் செத்துப்போட்டாள்."

கூரையைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் அதையும் சொன்னார்.

குகனேஸ்வரி கல் வாங்கில் கையூன்றி நின்றாள். ஐந்து வருடமாகக் குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டி, போன கிழமை கண்ணை மூடிவிட்ட ஆளை ஐம்பத்தொரு வருடத்துக்கு முன் பாலத்தில் செத்துப்போனவள் என்கிறார் இர்மா. பிழையான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு அந்த நெற்றியைத் திரும்பப் பார்த்தாள்.

"சின்யோரா இர்மா," என்றாள் உரத்து, "நான் பலெர்மோவிலையிருந்து வாறன்."

 இர்மா டோர்ச்சை அணைத்தார். வாசலிலிருந்து வந்த சாம்பல்நிற வெளிச்சத்தில் அவருடைய கோட்டின் ஓரம் மட்டும் தெரிந்தது.

"எப்ப?" என்று கேட்டார்.

"போன கிழமை, செவ்வாய்க்கிழமை. காலமை பத்து மணி."

"பக்கத்திலை ஆர் இருந்தது?"

"நான் இருந்தனான்."

"நோவுபட்டவளோ?"

"இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவ."

இர்மா தட்டித்தடவி வெளியே நடந்தார். கதவைப் பூட்ட மறந்துபோனார். குகனேஸ்வரி திறப்பை வாங்கிப் பூட்டிவிட்டுப் பின்னால் போனாள்.

காவல் வீட்டுக்குள் ஒரு அடுப்பு, ஒரு மேசை, ஒரு கட்டில். பின்சுவர் பாறைதான். இர்மா பாணும் சீஸும் வெட்டி வைத்தார், கோப்பி போட்டார். தான் ஒன்றும் தொடவில்லை. அவருடைய கேள்விகள் சின்னச் சின்னதாக வந்தன. தலைமயிர் முழுக்க நரைத்ததோ? பல்லு இருந்ததோ? சல்வத்தோரே நல்லவனோ? வீட்டில் வெயில் படுமோ? குகனேஸ்வரி ஒவ்வொன்றுக்கும் தெரிந்ததைச் சொன்னாள். பிறகு தானும் ஒரு கேள்வி கேட்டாள்.

"பாலத்திலை செத்தவ எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

 இர்மா தன் கைகளைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார்.

"அவள் விடிய வெளிக்கிட்டவள். எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவள். நான்தான் பாணும் கட்டிக் குடுத்தனான். நாலு நாளிலை வாறன், அவன்ரை ஆக்கள் ரோமிலை இருக்கினம், கலியாணம் எழுதிப்போட்டு வாறன் எண்டவள். அவையள் பாலம் கடந்து எதிர்மலையிலை ஏறினதை நான் கண்ணாலை கண்டனான். அரைமணித்தியாலத்துக்குப் பிறகுதான் குண்டு விழுந்தது."

"பிறகு?"

"அவளாலை திரும்பி வரேலாமல் போச்சு. பாலமில்லை, சண்டை. அம்மா அந்த வாங்கிலை கிடந்து வாசலையே பாத்துக்கொண்டிருந்தா. எர்சீலியா வந்திட்டாளோ, எர்சீலியா வந்திட்டாளோ. தண்ணி குடியா, மருந்து குடியா, அவள் வரட்டுமெண்டு. ஆறு நாள். எனக்கு இருபத்துமூண்டு வயசு, மூண்டு நாள் நித்திரையில்லை. அவள் பாலத்திலை செத்துப்போனாள், இனிக் கேக்காதை எண்டு சொன்னன்." இர்மா கோப்பையை மேசையில் கொஞ்சம் தள்ளி வைத்தார். "சொன்னால் அழுதுபோட்டு மருந்தைக் குடிப்பா எண்டு நினைச்சன். அம்மா அழேல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தா. நாலாம் நாள் முடிஞ்சுது."

பக்கத்தில் படுத்திருந்த சனமெல்லாம் அதைக் கேட்டிருந்தது. சண்டை முடிந்து பாதிரியார் செத்தவர்களின் பெயரை எழுதியபோது அவர்களே எர்சீலியாவின் பெயரைச் சொன்னார்கள். இர்மா வாய் திறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து முதல் கடிதம் வந்தது.

"என்னை மன்னிச்சுக்கொள் எண்டு எழுதியிருந்தாள். அவள் என்னட்டை மன்னிப்புக் கேக்கிறாள். நான் என்னெண்டு பதில் எழுதுறது? எழுதினால் அம்மா எப்பிடிச் செத்தவ எண்டு எழுதவேணும். அடுத்த வருசம் எழுதுவம், அடுத்த வருசம் எழுதுவம் எண்டு இருந்தன். பிறகு பத்து வருசமாப் போச்சு."

"நீங்கள் ஒருக்காலும் அவவைப் பாக்கேல்லையோ?"

"பாத்தன். அறுபத்தெட்டாம் ஆண்டு தை மாதம் சிசிலியிலை நிலம் நடுங்கினதெண்டு றேடியோவிலை சொன்னான். ஊர் ஊரா விழுந்ததெண்டான். ஆர் செத்தது, ஆர் தப்பினது எண்டு ஒருத்தனும் சொல்லேல்லை. ஒரு கிழமை பொறுத்தன். பிறகு ரயில் ஏறி பலெர்மோவுக்கு வந்தன். கடித உறையிலை இருந்த முகவரியைக் காட்டிக் காட்டி, அந்தத் தெருவுக்கு வந்து, எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை வாசலிலை நிண்டன். பதினொரு மணிபோலை அவள் கதவைத் திறந்து வெளியிலை வந்தாள். தொப்பி போட்டிருந்தாள். கையிலை மரக்கறிப் பை. சுகமாத்தான் இருந்தாள்."

"கூப்பிடேல்லையோ?"

"இல்லை. உயிரோடை இருக்கிறாளெண்டு தெரிஞ்சுது. பின்னேர ரயிலிலை திரும்பிப்போட்டன்."

அந்த மருந்துக்கடையைக் குகனேஸ்வரிக்குத் தெரியும். கிழமைக்கு மூன்று தரம் போகும் கடை. நாற்பது அடி தெரு. அதைத் தாண்டாமல் நின்றுவிட்டுத் திரும்பிப்போன ஒருத்தியை நினைக்க அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

இர்மா முதல் தடவையாக அவளை நேரே பார்த்தார். "என்னைப் பற்றி என்ன சொன்னவள்?"

இந்தக் கேள்வி வருமென்று ரயிலிலேயே அவளுக்குத் தெரியும். தங்கச்சியை ஒருநாளும் மறக்கவில்லை, அன்போடுதான் நினைத்தா, எல்லாத்தையும் மன்னிச்சிட்டா என்று சொல்ல ஒரு வசனம் தயாராக வைத்திருந்தாள். கிழவி அதைக் கேட்டுவிட்டு ஒருபாட்டம் அழுவார், பிறகு சாப்பிடுவார். கேட்பதற்கு வேறு ஆளுமில்லை, பிடிபடப்போவதுமில்லை. அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் பின்சுவருக்கு அப்பால் அந்தக் கல் வாங்கு இருந்தது. ஆறு நாள் வாசலைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த பெண் கிடந்த வாங்கு.

"நீங்கள் தன்னை வெறுக்கிறியள் எண்டு சொன்னவ," என்றாள் குகனேஸ்வரி. "கடைசிவரைக்கும் அப்பிடித்தான் நினைச்சவ. இர்மா எழுதமாட்டாள், அவளிலை பிழையில்லை எண்டு போன மாதமும் சொன்னவ."

இர்மாவின் முகம் சுருங்கியது. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அழுகை வரவில்லை.  குகனேஸ்வரி எழுந்து கிட்டப்போக நினைத்தாள். ஆனால் அந்தக் கைகள் இருந்த விதம் கிட்டவராதே என்று சொன்னது.

"நீர் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்," என்றார் கடைசியில்.

"ஓம்."

"சொன்னது நல்லம்."

அன்று திரும்பிப்போக பஸ் இல்லை. இர்மா தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு அடுப்படிக் கதிரையில் இருந்துகொண்டார். 

காலையில் குகனேஸ்வரி எழும்பியபோது இர்மா ஆம்பிளைக் கோட்டைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கோட்டு ஒன்று போட்டிருந்தார். தலைவாரியிருந்தார். இருவருமாக அந்த வெட்டுப் பாதையால் மேலே ஏறினார்கள். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. இர்மா அவளைத் தேவாலயத்தின் பக்கச் சுவரடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதே பழுப்புக் கல்லில் ஒரு பலகை பதித்திருந்தது. பாலத்தில் இறந்தவர்களின் பெயர்கள், மொத்தம் பன்னிரண்டு. மழை தின்று எழுத்துகள் மழுங்கியிருந்தன. ஏழாவது எர்சீலியாவின் பெயர். அவருடைய கன்னிப்பெயரோடு.

"ஒவ்வொரு ஆனி மாதமும் இதிலை பூ வைக்கிறனான். ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்கும். பாவம் இர்மா, ஒருத்தருமில்லாதவள் எண்டு சொல்லுவினம். அம்பது வருசம் அந்தப் பாவத்திலைதான் சீவிச்சன். விறகு தந்தவை, வீடு தந்தவை, திறப்பும் தந்தவை." அவர் ஏழாவது பெயரில் விரலை வைத்தார். கொஞ்சம் தூள் விரலோடு வந்தது.

எதிரே நகரசபைக் கட்டடம். ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். இர்மா அந்தக் கதவைப் பார்த்தார்.

"என்ன சொல்லப்போறியள்?" என்று குகனேஸ்வரி கேட்டாள்.

"பதினொரு பேர் எண்டு சொல்லப்போறன்."

"பிறகு சனம் என்ன சொல்லும்?"

"அது அவையின்ரை பாடு."

பஸ் வந்தது. இர்மா கையை நீட்டினார். குகனேஸ்வரி அதைப் பிடித்தாள். தூஃபோத் தூளும் விறகுப் பிசினுமாக முரடாக இருந்தது அந்தக் கை. இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. பஸ் திரும்பும்போது பார்த்தாள். கறுப்புக் கோட்டு நகரசபைப் படியில் தனியாக நின்றது, கதவு இன்னும் திறக்கவில்லை.

பலெர்மோ வந்து சேர்ந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலிருந்து நேரே பின் ஒழுங்கையால் நடந்து மகேந்திரராசா அண்ணையின் வீட்டுக் கதவைத் தட்டினாள். மத்தியான வேலைக்குப் போக அவர் சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி சிவமலர் அவளைக் கண்டதும் இரு என்று சொல்லாமல் அப்படியே நின்றாள்.

"அண்ணை, தெரிஞ்சதைச் சொல்லுங்கோ," என்றாள் குகனேஸ்வரி. "நல்லதோ கெட்டதோ. எனக்காக ஒண்டையும் மறைக்காதேங்கோ."

"நான் சொன்னனான்தானே, தங்கச்சி, பள்ளிக்கூடத்திலை..."

"ஆர் இருக்கினம் பள்ளிக்கூடத்திலை? மூண்டு பேருமோ?"

மகேந்திரராசா மனைவியைப் பார்த்தார். பொத்தான்களை ஒன்று மாறிப் பூட்டியிருந்தார், அதைத் திரும்பக் கழற்றத் தொடங்கினார்.

"அம்மாவும் தங்கச்சியும் சுகம். அது உண்மை," என்றார். "அப்பா பாலம் தாண்டேல்லை. சனநெருக்கம், மழை, மூச்சு முட்டியிருக்கு. ரோட்டோரத்திலை ஒரு தென்னங்காணிக்குள்ளை... அங்கையே அடக்கம் செய்தவையாம். நீர் தனிய இருக்கிற பிள்ளை. சின்யோராவும் சாகிற நிலையிலை. எப்பிடிச் சொல்லுறதெண்டு விட்டிட்டம்."

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"பத்துப் பன்னிரண்டு நாள்."

அவள் கதிரையில் இருந்தாள். சிவமலர் வந்து தோளைப் பிடித்தபோதுதான் அழுகை வந்தது. பெரிய சத்தமில்லாமல், நீண்ட நேரம். மகேந்திரராசா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியையை அவர்கள் வீட்டிலேயே செய்தார்கள். பத்துப்பேர்வரை வந்தார்கள். அப்பாவின் படம் ஒன்றுகூட அவளிடம் இல்லாததால் வெறும் விளக்கு ஒன்றை ஏற்றி வைத்துச் சிவமலர்தான் தேவாரம் படித்தாள்.

மார்கழி நடுப்பகுதியில், அவள் சிவமலர் வீட்டில் தங்கியிருந்தபோது, கஸ்பாரே தொலைபேசி எடுத்தான். போஜ்ஜோசெக்கோ நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறதாம். பெரியம்மாவின் மரணச் சான்றிதழின் பிரதி கேட்கிறார்கள், ஒரு பெயரைக் கல்வெட்டிலிருந்து எடுப்பதற்காம். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அங்கை போய் என்ன செய்தனீ?" என்று சிரித்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் சிரிப்பதை நிறுத்தி, சான்றிதழை அன்றைக்கே அனுப்புவதாகச் சொன்னான்.

தை மாதம் அவளுக்குப் புது வேலை கிடைத்தது. கால் முறிந்து கிடக்கும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், சின்யோரீனா கொன்செத்தா. முதல் நாள் அவளுக்கு அறையைக் காட்டி, அலுமாரித் தட்டைக் காட்டி, மருந்துகளின் நேரத்தை எழுதிக்கொடுத்தபின், கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ஊரிலை ஆர் ஆர் இருக்கினம் உனக்கு?"

"அம்மா இருக்கிறா. தங்கச்சி இருக்கிறாள்," என்றாள் குகனேஸ்வரி. பிறகு இத்தாலிய மொழியில் இதுவரை சொல்லியிராத வசனத்தைச் சொல்லுக்குச் சொல் பார்த்து அடுக்கினாள். "அப்பா செத்துப்போனார். ஐப்பசியிலை. வழியிலை."

சின்யோரீனா தலையாட்டினார். அவள் யன்னலைத் திறந்துவிட்டு, படுக்கைவிரிப்பை மாற்றத் தொடங்கினாள்.